இணையத்தில் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரை: எதை நம்பலாம்?

இணையத்தில் கிடைக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையை நம்பலாமா என்பது, வெளிவருமுன் அதை யார் படித்துச் சரிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதே துறையின் வேறு ஆய்வாளர்கள் படித்துக் குறை சுட்டும் இந்த நடைமுறைக்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். ஏறக்குறைய எல்லா ஆய்விதழ்களும் இதைச் செய்வதாகவே அறிவிக்கின்றன.

அந்த அறிவிப்பின் மதிப்பை ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் சோதித்துப் பார்த்து, 2013 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு வேதிப்பொருள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகப் போலிக் கட்டுரை ஒன்றை அவர் தயாரித்தார். எழுதியவர் பெயரும், அஸ்மாராவில் இருப்பதாகக் காட்டிய நிறுவனமும் கற்பனை. மருந்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுவதாகக் கட்டுரை சொன்னது. அதிலிருந்த வரைபடமோ அப்படி எதையும் காட்டவில்லை. பள்ளி வேதியியல் தெரிந்தவர்கூடக் கவனித்துப் படித்தால் பிடித்துவிடக்கூடிய பிழை இது. எழுதுபவரிடம் கட்டணம் வாங்கி வெளியிட்டு, எவரும் இலவசமாகப் படிக்க விடும் 304 திறந்த அணுகல் இதழ்களுக்குக் கட்டுரை போனது. 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே மறுத்தன.

இதை வைத்துத் திறந்த அணுகல் இதழ்கள் அனைத்தையும் ஒதுக்குவது நியாயமல்ல. அவற்றில் ஒன்றான 'பிளாஸ் ஒன்' கட்டுரையை மறுத்துவிட்டது. சந்தா இதழ்களையோ பொஹானன் சோதிக்கவே இல்லை. திறந்த அணுகல் இதழ்களுக்கான பட்டியலான டி.ஓ.ஏ.ஜே. 2014இல் தன் விதிகளை இறுக்கி, ஏற்கெனவே இடம்பெற்றிருந்த இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. கூகுள் ஸ்காலர் அப்படிப்பட்ட பட்டியல் அல்ல. அது இயந்திரம் திரட்டித் தருவது. நல்ல இதழும் போலி இதழும் அதில் அடுத்தடுத்து வரும்.

இதழ்களுக்கு வெளியே, ஆய்வாளர்கள் தாங்களே பதிவேற்றும் தளங்களும் உண்டு. 1991இல் தொடங்கிய அத்தகைய ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் வருபவை பெரும்பாலும் சக மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதிகள், அதாவது முன்பிரதிகள். அதனாலேயே அவை தவறாகிவிடாது. கணிதத்தில் புவான்கரே கருதுகோளுக்கான நிரூபணத்தை கிரிகோரி பெரல்மான் 2002, 2003 ஆண்டுகளில் அங்கேதான் பதிவேற்றினார். கணிதவியலாளர்கள் சில ஆண்டுகள் உழைத்து அதைச் சரிபார்த்தார்கள். அத்தகைய சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பிரதியை மேற்கோள் காட்டலாம்.

மதிப்பாய்வைத் தாண்டி வந்ததும் பின்னாளில் விழக்கூடும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழ் 1998இல் வெளியிட்டு, 2010இல்தான் திரும்பப் பெற்றது. பழைய பிடிஎஃப் பிரதியில் அந்தச் செய்தி இருக்காது. எனவே கட்டுரைக்கென்றே உள்ள அடையாள எண்ணான டி.ஓ.ஐ. வழியாக இதழின் பக்கத்துக்கே போய்ப் பார்ப்பது அவசியம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் திரட்டும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளத்திலும் தேடலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் மேற்கோள்களுக்கும் இந்தச் சோதனை உதவும்: எண்ணை இட்டால் பக்கமே திறக்காவிட்டாலோ வேறு கட்டுரை திறந்தாலோ, அந்த மேற்கோள் கற்பனையாக இருக்க வாய்ப்பு அதிகம்.