கர்ணனின் கவசம்

கர்ணன் கவசத்தோடு பிறந்தவன். அந்தணக் கோலத்தில் வந்த இந்திரன் இரந்தபோது, அதனைத் தன் மெய்யினின்றும் அரிந்து, குருதி சொரியக் கொடுத்தான் என்பது பாரதக் கதை. இக்கதையை மாணவரைக் கொண்டு மேடையேற்றும் ஆசிரியனுக்கு ஒரு சிக்கல் உண்டு. அக்கவசம் இரும்பு போல் தோன்றவும் வேண்டும். காண்போர் முன்னிலையில் எளிதிற் கழன்று வரவும் வேண்டும்.

இளமையில் இந்நாடகத்தைப் பழக்கியபோது, கவசத்தையும் தலைச்சீராவையும் தகரத்தாற் செய்வித்தேன். விளிம்பை மடித்துவிட மறந்தேன். தலைச்சீராவைக் கழற்றும்போது அது கர்ணனாக நடித்த மாணவனின் நெற்றியைக் கிழித்தது. சபையோர் அக்குருதியைச் சாயமென்றெண்ணிக் கைதட்டினர். அவன் காட்சியை முடித்த பின்னரே உள்ளே வந்து, “பிழை விட்டிட்டனோ, ஐயா?” என்று கேட்டான். பிழை விட்டவன் யானல்லனோ?

அண்மையில் அந்நாடகத்தை மீண்டும் பழக்கும் வாய்ப்பு நேர்ந்தது. இம்முறை மாணவர் தகரத்தை விடுத்து ஈ.வி.ஏ. எனப்படும் நுரைத்தாளை நாடினர். றப்பர்ச் செருப்பின் அடியிலும் சிறுவர் விளையாடும் தரைவிரிப்பிலும் நாம் காண்பது இதுவே. அவர்களோடிருந்து யான் கற்றதை, நாடகம் பழக்கும் ஆசிரியர்க்குப் பயன்படுமென்று ஈண்டு எழுதுகின்றேன்.

முதல் வேலை அளவெடுத்தல். நடிப்பவனின் தலையை, முகம் மறையாதபடி, மெல்லிய பொலித்தீன் தாளாற் சுற்றி, அதன்மேற் கடதாசி ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காக ஒட்டுக. நெற்றி முதற் பிடரி வரை நடுக்கோடு இட்டு, ஓட்டைக் கழற்றிய பின்னரே அக்கோட்டில் வெட்டுக. ஒரு பாதியே போதும்; அதனைப் புரட்டி வரைந்தால் மறுபாதியாம். உருண்ட ஓடு தட்டையாகப் படியாத இடங்களில் ஆப்பு வடிவிற் பிளவு வெட்டல் வேண்டும். அப்பிளவுகள் மீண்டும் பொருந்தும்போதே தலையின் உருட்சி தோன்றும்.

இவ்வார்ப்பை 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பான தாளில் வரைந்து, கூரிய கத்தியை நேராகப் பிடித்து வெட்டுக. மழுங்கிய கத்தி நுரையைப் பிய்க்கும். பின்னர்ச் சூட்டுக்காற்றுக் கருவியால், மேற்பரப்பு சற்றே மினுங்கும் வரை வாட்டி, ஒரு பானைமேல் வளைத்து ஆறும்வரை பிடித்திருந்தால் அவ்வளைவு நிலைக்கும். புகை எழுமாயின் சூடு மிகுந்ததென்று அறிக.

ஒட்டுதற்குச் செருப்புத் தைப்போரின் பசை ஏற்றது. இரு விளிம்பிலும் மெல்லெனப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து இணைக்க வேண்டும். ஈரத்தோடு இணைத்தால் நழுவும். பதத்தில் இணைத்தால் பின் அசையாது. இதன் ஆவி தீங்கானது, தீப்பற்றவும் வல்லது. ஆதலின் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், நெருப்புக்கு அப்பால், ஆசிரியர் உடனிருக்கவே இவ்வேலை நிகழல் வேண்டும்.

நுரை வர்ணத்தை உறிஞ்சும். அதனால் வெள்ளைப் பசையை நீரிற் கரைத்து மூன்று முறை பூசி உலர்த்துக. அடியிற் கறுப்பு வர்ணம் பூசி, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேடான பகுதிகளில் மட்டும் வெள்ளி வர்ணத்தைத் தேய்த்தால், பள்ளத்திற் கருமை நின்று, பழகிய இரும்பின் தோற்றம் வரும். மார்புக் கவசத்துக்கும் முறை இதுவே. அதன் பக்கங்களில் ஒட்டுப்பட்டி தைத்தோம். ஒரே இழுப்பிற் கழன்றது.

கவசத்துக்குத் தமிழில் மெய்ம்மறை என்றொரு பெயருண்டு. பதிற்றுப்பத்துப் புலவர் சேரனையே வீரர்க்கு மெய்ம்மறை என்றனர். படைக்கு முன்னின்று தாக்குதலைத் தான் ஏற்பவன் என்பது கருத்து. வகுப்பிற் பலமுறை இதற்குப் பொருள் சொன்னவன் யான். ஆயினும் அதன் பொருளை எனக்கு உணர்த்தியது அம்மாணவனின் நெற்றியே.

இம்முறை திரை விழுந்ததும் யான் கர்ணனிடம் விரைந்து சென்றேன். அவனைப் பாராட்டுமுன் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வியர்வை மட்டுமே இருந்தது.