அருவி பார்க்க ஆசைப்பட்ட அத்தை

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரில் உள்ள எங்களைப் போன்ற தாய்மார்களுக்குத் தலைவலிதான். "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கம்மா" என்று பிள்ளைகள் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டது பிள்ளைகள் இல்லை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்திருந்த என் மாமியார்!

"ஏம்மா, அந்தப் பறவைங்க பார்க்குல பெரிய அருவி ஒண்ணு இருக்காமே. அதை ஒரு தடவை பாத்துட்டா தேவலாம்" என்றார். மாமா காலமாகி எட்டு மாதத்தில், அத்தை தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

2011-ல் மாமா மட்டும் இங்கே வந்திருந்தார். வீட்டில் மாடு கன்று போட்டிருந்ததால் அத்தை வரவில்லை. அப்போது மாமாவை ஜூரோங் பறவைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். 30 மீட்டர் உயரத்தில் இருந்து கொட்டும் செயற்கை அருவி, அதைச் சுற்றிப் பறவைகள், அந்த வலைக்கூண்டுக்குள்ளேயே ஓடிய குட்டி ரயில்... மனுஷர் ஊருக்குப் போய் வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பூங்கா இப்போது இல்லையே! 1971 ஜனவரி 3-ந் தேதி திறந்ததை, சரியாக 52 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 3-ந் தேதி மூடிவிட்டார்கள். பறவைகளை மண்டாய்க்கு மாற்றி, அந்த வருஷம் மே மாதம் 'பேர்ட் பேரடைஸ்' என்று புதிதாகத் திறந்தார்கள். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே, அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. காத்திப் ரயில் நிலையத்தில் இருந்து பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "பறவைங்க அதேதானே? அவரு பாத்த பறவைங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போக நினைக்கும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் மலிவு இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை உண்டு, விசிட் பாஸில் வந்தவர்களுக்குக் கிடையாது. இடம் 17 ஹெக்டேர். முட்டிவலிக்காரர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில், குடை இரண்டும் அவசியம். நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் பெங்குவின் இருக்கும் குளிர் அறையை விட்டு வர மறுத்தார்கள். அத்தைக்கு அது ரசிக்கவில்லை. "பாவம், ஐஸ் பெட்டியில வச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆசியப் பறவைகளின் கூண்டுக்குள் நுழைந்ததும்தான் முகம் மலர்ந்தது. பாலித் தீவின் வயல்களைப் போலப் படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். காவிரிக்கரைக்காரருக்கு வயலைக் கண்டால் போதாதா?

அடுத்து இருவாச்சி. மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கை வைத்தது போல இருக்குமே, அதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, கேரளாவுக்கு மாநிலப் பறவையே அதுதான். அதன் குடித்தனத்தைக் கேளுங்கள். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தாலும் மண்ணாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். மூன்று நான்கு மாதம் ஆண் பறவைதான் பழம் பொறுக்கி வந்து, அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். (நம் வீட்டு ஆண்களைப் பிரசவ நேரத்தில் இங்கே கூட்டி வந்து காட்டலாம்!)

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் இருவாச்சியே இல்லாமல் போய், 1994-ல் உபின் தீவில் மறுபடி தென்பட்டதாம். ஜூரோங் பூங்காவும் சேர்ந்து மரங்களில் கூடுபெட்டி வைத்துப் பெருக்கினார்கள். இன்று அடுக்குமாடிச் சுவரில்கூட வந்து உட்காருகிறது. 2018-ல் ஜூரோங்கில் ஓர் இருவாச்சிக்கு மூக்குக் கொண்டையில் புற்றுநோய் வர, மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த கொண்டையைப் பொருத்தினார்களாம். அது தன் உடம்பில் சுரக்கும் மஞ்சள் எண்ணெயைப் புதுக் கொண்டையில் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாம். அழகு பார்ப்பதில் நமக்கு மேல்!

அத்தைக்குப் புற்றுநோய்க் கதையில் மனம் போகவில்லை. "குஞ்சு வளந்ததும் வெளிய வந்துடும்ல?" என்று கேட்டார். "பின்னே? அடைப்பை உடைச்சுக்கிட்டு வந்துடும் அத்தை" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது இவரிடம் சொன்னார்: "தம்பி, நான் தை பொறந்ததும் ஊருக்குப் போயிடறேன். வீட்டை விக்க வேணாம்."

இவருக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. வீட்டை விற்றுவிட்டு அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்வது என்று இவரும் இவர் தம்பியும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். அத்தை மறுத்துப் பேசாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"தனியா எப்படிம்மா இருப்பே?"

"எங்கடா தனியா? எதிர் வீட்ல ஆளுங்க இருக்காங்க, கொல்லையில மாடு நிக்குது. இங்கதான் நீங்க நாலு பேரும் காலையில கிளம்பினா, சாயங்காலம் வரைக்கும் நான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

யாரும் பேசவில்லை. மகள்தான், "அப்பாயி, லீவுக்கு நாங்க அங்க வரோம்" என்றாள். எனக்கும் அத்தை சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. அன்று ராத்திரி இவரிடம் சொன்னேன். "உனக்கு என்ன, ஊரு என்னைத்தானே பேசும்" என்று கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். நியாயம்தான், பேசும். அதற்காக அத்தை ஒன்பதாவது மாடியில் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

நான்கு நாள் முறைத்துவிட்டு, இவரே டிக்கெட் எடுத்துவிட்டார். கழிவறைக்குக் கைப்பிடி வைக்கவும், முற்றத்தில் வழுக்காத கல் போடவும் ஊரில் ஆள் பார்த்தாகிவிட்டது. வாசல் திண்ணையை மட்டும் இடிக்கக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்.