தாத்தாவைத் தட்டி எழுப்பு மக்கா!

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ். (பேரு வேண்டாமே... நாளைக்கும் கேட்டுக்குள்ள விடணும்ல!) லேப்புக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டோர் ரூமைத் திறந்தால் கால் உடைந்த பெஞ்ச், பல் போன கீ-போர்டு, தொப்பை மானிட்டர்... எல்லாவற்றுக்கும் நடுவே கறுப்பாக, சின்ன ஃபிரிட்ஜ் சைஸில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றியில் சாக்பீஸால் 'பழசு' என்று எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆக்கர் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அது ஒரு சர்வர். 2004-ல் மொத்த லேப்பும் இதை நம்பித்தான் ஓடியது. இப்போது நம்ம பாக்கெட்டில் இருக்கிற போன் இதைவிடப் பல மடங்கு கில்லி. அப்புறம் எதுக்கு பாஸ் இந்தத் தாத்தாவோடு மல்லுக்கட்டணும்?

காரணம், அங்கே தமிழ் படித்த ஒரு சீனியர் அக்காவிடமிருந்து வந்த போன். 2004, 2005-ல் அவர்கள் பேட்ச் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கொடை விழா கொடை விழாவாக அலைந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். வில்லு, குடம், உடுக்கை, தாளம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 60 மணி நேரம். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி இந்த சர்வரில்தான் போட்டு வைத்தார்கள். கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டது.

"வேற காப்பி இல்லியாக்கா?"

"இல்ல தம்பி. அதுல பாடுன அண்ணாவிமாருல ரெண்டு பேரு இப்ப இல்ல."

அப்புறம் என்ன, மூன்றாம் வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க ரெண்டு பேர், செட்டிகுளம் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு சர்வீஸ் அண்ணாச்சி, வேடிக்கை பார்க்க நான்... டீம் ரெடி!

வந்த வேகத்தில் பையன் ஒருத்தன் பவர் கார்டைச் செருகப் போக, அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மேலே இருந்த பல்லியே விழுந்துவிட்டது. "லேய்! சவத்த பிளக்குல குத்தாத! ஏழு வருசம் படுத்துக் கெடந்தவன எழுப்பி உடனே ஓடச் சொல்லுவியாலே?"

மேட்டர் இதுதான். கரன்ட்டே பார்க்காமல் கிடந்த மெஷினுக்குள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், வீங்கியிருக்கலாம். நேராக 230 வோல்ட்டைக் கொடுத்தால் 'டப்'! பவர் சப்ளை மட்டும் போனால் பரவாயில்லை. போகிற வழியில் மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க்கையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடும். அதுவும் 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இந்த வீக்க வியாதி ரொம்ப ஜாஸ்தி. மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல கம்பெனி போர்டுகளில் ஏறிவிட்டதால் 'கெப்பாசிட்டர் பிளேக்' என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

நம்ம மாவட்டத்துக்கு எக்ஸ்ட்ராவாக ஒரு வில்லன் உண்டு. கடல் காற்று! ரெண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. காற்றில் வரும் உப்பு, தூசியோடு தூசியாக போர்டில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும் (சாரல் நாளில் சமையல் உப்பு டப்பாவைப் பார்த்திருப்பீங்களே... அதேதான்). உப்புத் தண்ணீரில் கரன்ட் பாயும். ஐசி கால்கள், கனெக்டர் பல்லெல்லாம் பச்சை பூத்துப் போகும். ஏ.சி. ரூமில் இருந்தவரைக்கும் ராஜாவாக இருந்த மெஷின், ஸ்டோர் ரூமுக்கு வந்த பிறகு சும்மா இருந்தே சாகிறது.

அண்ணாச்சி முதலில் செய்த வேலை, மார்க்கர் பேனா எடுத்தது. மூணு ஹார்ட் டிஸ்க்குக்கும் 0, 1, 2 என்று ஸ்லாட் நம்பர் எழுதி, போனில் போட்டோ எடுத்து, அப்புறம்தான் கழற்றினார். வரிசை மாறிப் போட்டால் சில சர்வர்கள் டேட்டாவையே அடையாளம் தெரியாமல் முழிக்குமாம். பிறகு ப்ளோயர். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்றடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

ரேம் காலைத் துடைக்கும்போது ஒரு குட்டி சண்டை. ஊர்ப்பட்ட மெக்கானிக்கும் பென்சில் ரப்பரால் தேய்ப்பதுதானே வழக்கம்? பையனும் பாக்கெட்டில் ரப்பர் வைத்திருந்தான். "தங்க முலாம் லேய் அது. முடிய விட மெல்லிசு. தேய்ச்சுத் தேய்ச்சுத் தங்கத்த எடுத்துட்டு அடியில செம்ப காட்டுவியா?" என்று ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் துணியும் கொடுத்தார் அண்ணாச்சி. நான் இத்தனை நாள் ரப்பர் கட்சி. அன்றோடு கட்சி மாறிவிட்டேன்.

பவர் சப்ளைக்கு சீரிஸ் பல்ப் டெஸ்ட். பலகையில் ஒரு ஹோல்டர், 100 வாட்ஸ் குண்டு பல்ப் (எல்.இ.டி. வேலைக்கு ஆகாது). கரன்ட் பல்ப் வழியாகத்தான் பவர் சப்ளைக்குப் போகும். பல்ப் ஒரு தடவை மின்னி மங்கினால் பிழைத்தோம். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நம்ம தாத்தா மின்னி மங்கினார்! அடுத்து பல்பை எடுத்துவிட்டு, ஒரு பழைய சிடி டிரைவை லோடாக மாட்டி மல்டி மீட்டர் வைத்தார். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருந்தால் பாஸ் மார்க். ஒரு எச்சரிக்கை ஃப்ரெண்ட்ஸ்... பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீங்களாகத் திறக்காதீங்க. கார்டை உருவிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

ஆல்கஹால் காயட்டும் என்று டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் அண்ணாச்சி கேட்டார்: "இந்தியாவுல நூத்துக்கணக்கான கம்ப்யூட்டர அநாதையா விட்டுட்டு ஒரு கம்பெனி கெளம்பிப் போச்சு, தெரியுமாடே?"

அட, ஆமாம். அந்தக் கம்பெனி ஐ.பி.எம்.! 1973 அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும். ஐ.பி.எம். மாட்டேன் என்றது. ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்த நேரம். 1978-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். பிரச்னை என்னவென்றால், அவர்கள் இங்கே வைத்திருந்த மெஷின்களில் பல அப்போதே தாத்தாக்கள். வெளிநாட்டில் கழித்துக்கட்டிய 1401 மாடல்களை இறக்கி, புதுப்பித்து, இங்கே வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1959-ல் அறிமுகமான மாடல் அது. ஒரு ஹால் நிறைய டிரான்சிஸ்டர் கார்டுகள். மெமரி அதிகபட்சம் 16 ஆயிரம் எழுத்து. நம்ம ஒரு வாட்ஸ்அப் போட்டோவுக்கே பத்தாது! ஆனால் அதில்தான் சம்பளப் பட்டியலும் கணக்கு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

அவற்றைப் பார்த்துக்கொள்ள அரசு நிறுவனம் ஒன்று கை கொடுத்தது. பேரே 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்', சுருக்கமாக சி.எம்.சி. 1975 கடைசியில் பதிவான இது, 1978 அக்டோபரில் நாடு முழுக்க 800-க்கும் மேற்பட்ட ஐ.பி.எம். இன்ஸ்டலேஷன்களின் சர்வீஸை ஏற்றுக்கொண்டது. கம்பெனியே ஊரில் இல்லாத மெஷினைக் கட்டிக் காப்பது என்றால் சும்மாவா? ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த பல இன்ஜினீயர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

அப்படி ரிப்பேர் பார்த்துக் கை பழகிய கம்பெனிதான் அப்புறம் சிஸ்டமே எழுத ஆரம்பித்தது. 1985-86-ல் டெல்லியில் வந்த முதல் கம்ப்யூட்டர் ரயில் ரிசர்வேஷன் சி.எம்.சி. செய்ததே. ஓடியது டெக் கம்பெனியின் வேக்ஸ் மெஷினில். பிறகு ரயில்வேயின் 'கிரிஸ்' அமைப்பு எழுதிய புது சாஃப்ட்வேர் ஆல்ஃபா சர்வர்களுக்கு வந்தது. சென்னை உட்பட 5 மையங்களையும் 1999-ல் இணைத்தார்கள். (நம்ம நாகர்கோவிலுக்கு ரயிலே வந்தது 1979 ஏப்ரலில்தான். அதாவது ஐ.பி.எம். போன மறு வருஷம். அதிலிருந்து 20 வருஷத்தில் நம்ம ஜங்ஷன் கவுண்டரிலேயே எந்த ஊர் டிக்கெட்டையும் எடுக்க முடிந்தது.) சி.எம்.சி. 2001-ல் டாடா கைக்குப் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு கலந்துவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நாம் மாய்ந்து மாய்ந்து தயாராகிற அதே டி.சி.எஸ்.!

இன்னொரு சூப்பர் விஷயம். அந்த 1401 இப்போது எங்கேயாவது ஓடுமா என்று கேட்டால்... ஓடும்! கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூவில் இருக்கிற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் ஓய்வுபெற்ற ஐ.பி.எம். இன்ஜினீயர்கள் தாத்தா வயதில் சேர்ந்து, ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்றையும் கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒன்றையும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து உயிர்ப்பித்தார்கள். அவர்களுக்கும் துருவும் செத்த டிரான்சிஸ்டரும்தான் தலைவலி. அமெரிக்காவானாலும் ஆரல்வாய்மொழியானாலும் துரு ஒண்ணுதான்!

டீ முடிந்தது. பயாஸ் பேட்டரி, அதாவது நம்ம சி.ஆர். 2032 காசு பேட்டரி, புதுசு போட்டோம். சன் கம்பெனியின் பழைய சர்வர்கள் சிலவற்றில் இந்த பேட்டரியை ஒரு சிப்புக்குள்ளேயே வைத்து மெழுகியிருப்பார்கள். பத்து வருஷம் கழித்து அது தீர்ந்தால் மெஷின் தன் நெட்வொர்க் அட்ரஸையே மறந்துவிடும். சிப்பின் தலையை அரத்தால் ராவி வெளியே காசு பேட்டரியை சால்டர் பண்ணுகிற கில்லாடிகள் உண்டு. நல்லவேளை, எங்களுக்கு அந்த சோதனை வரவில்லை.

சுவிட்ச் போட்டார் அண்ணாச்சி. ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி ஃபேன் சத்தம். ஸ்கிரீனில் எழுத்து. "கொள்ளாம்டே!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு லைட். 1-ம் நம்பர் டிஸ்க் அவுட்.

பசங்க முகம் செத்துவிட்டது. ஆனால் இது ரெய்டு-5. 5, 7, கூட்டுத்தொகை 12 என்று மூணு டிஸ்க்கில் எழுதி வைத்த மாதிரி. எந்த ஒன்று போனாலும் மிச்ச ரெண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ரெண்டு போனால்தான் சங்கு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போமா அண்ணாச்சி?" என்றான் ஒருத்தன். "சுத்துறத நிறுத்துனா திரும்பச் சுத்தும்னு யாரு கண்டா? மொதல்ல காப்பி எடு. மத்ததெல்லாம் பொறவு."

லினக்ஸ் லைவ் சிடியில் பூட் செய்தார்கள். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதாமல் படிக்க மட்டும் செய்யலாம், அதற்காக. நெட்வொர்க் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு ஃபைல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் சுமார் 36 ஜிபி. பென் டிரைவில் அடங்குகிற சமாச்சாரம். ஆனால் 2-ம் நம்பர் டிஸ்க்கும் இடையிடையே 'கடக் கடக்' என்று முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வெளியே மழை வலுத்து, கரன்ட் வேறு ஒரு தடவை போனது. யு.பி.எஸ். வாழ்க! சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 9 மணிக்கு முடிந்தது.

ஒரு ஃபைலைத் திறந்தோம். கோயில் மைக் கீச்சிட்டது. குடம் ரெண்டு தட்டு. பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல், "டேப்பு ஓடுதா மக்கா?" போனில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "அண்ணாவி..." என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆக்கர்காரர் பெஞ்சையும் மானிட்டரையும் எடுத்துப் போனார். சர்வர் போகவில்லை. ஏனென்றால் 11 ஃபைல் திறக்கவில்லை. 2-ம் நம்பர் டிஸ்க் முனகிய இடங்களில் கிடந்தவை அவை. அங்கே கணக்குப் போட 1-ம் நம்பர் டிஸ்க் வேண்டும். அதன் அடியில் இருக்கிற சர்க்யூட் போர்டு மட்டும்தான் போயிருந்தால், அதே மாடல் டிஸ்க்கிலிருந்து போர்டை மாற்றிப் பார்க்கலாம். "கெடச்சா அதிர்ஷ்டம், ஆனா ரொம்ப நம்பாதிய" என்கிறார் அண்ணாச்சி. பசங்க கேட்கிற மாதிரி இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் வரை ஆள் விட்டாயிற்று.

36 ஜிபி, ஸ்கஸி, 2004 வாக்கில் வந்த டிஸ்க். உங்க காலேஜ் ஸ்டோர் ரூமிலும் ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். பிளக்கை மட்டும் குத்திடாதீங்க.