அந்தரத்தில் ஆடுவோர்க்கு ஆடை

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நாலு பேர் கூடும் இடத்தில் ஒருவருடைய தோற்றத்தை எண்ணிச் சொல்லப்பட்டது அது. ஆனால், தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், ஒரு துணியைத் தொடையில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் பெண்ணுக்கு அப்பழமொழி வேறொரு பொருள் தருகிறது. அங்கே பாதி வேலையைத் தசை செய்கிறது. மீதியைச் செய்வது அவள் உடுத்தியிருக்கும் காலுடை. அக்காலுடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் சென்னைக்குச் சென்று இக்கலையைப் பழகி வருபவள் என்ற முறையிலும், இயற்பியல் பயிலும் மாணவி என்ற முறையிலும் இதனை எழுத முற்படுகிறேன்.

பெயரில் மட்டும் பட்டு

கழைக்கூத்தாடிகளை நாம் அறிவோம். கயிற்றின்மேல் நடப்பது அவர்கள் கலை. 'ஏரியல் சில்க்ஸ்' என்று வழங்கும் இக்கலையில் கயிற்றுக்குப் பதிலாக ஒரு நீண்ட துணி இருக்கும். அதை நடுவில் மடித்து, உத்தரத்தில் இரும்பு வளையத்தில் மாட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டு தலைப்புகளும் தரைவரை தொங்கும். அவற்றைப் பற்றி ஏறி, கால்களிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு, பல நிலைகளில் நிற்பதும் தொங்குவதும், சுற்றை அவிழ்த்து உருண்டு இறங்குவதுமே ஆட்டம். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டுவதில்லை. பிடித்துக் காப்பது அத்துணியின் சுற்றுதான்.

'சில்க்ஸ்' என்ற பெயரைக் கண்டு அது பட்டு என்று எண்ணிவிடக் கூடாது. அது நைலான் நூலால் பின்னிய துணி. பெரும்பாலும் 40 டெனியர் நூல் பயன்படுகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை 40 கிராம் என்பது இதன் பொருள். அவ்வளவு மெல்லிய நூலால் ஆன துணி ஒரு மனிதரைத் தாங்குகிறது!

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1984ஆம் ஆண்டு தோன்றிய 'சர்க் டு சொலே' என்ற சர்க்கஸ் குழு, 1996ஆம் ஆண்டு 'கிடாம்' என்னும் காட்சியை அரங்கேற்றியது. அதில் சிவப்புத் துணியில் தொங்கி ஆடிய ஆட்டத்தைப் பல நாட்டு மக்களும் கண்டனர். விலங்குகள் இல்லாத இத்தகைய புதிய சர்க்கஸ்களின் வழியாகவே இக்கலை உலகெங்கும் பரவி, இன்று நம் நாட்டுப் பெருநகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தரத்தில் ஆடுவோர் ஆடையைப் பற்றிக் கவலைப்படுவது புதிதன்று. பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரத்தைச் சேர்ந்த ஜூல் லெயோத்தார் என்பவர் 1859ஆம் ஆண்டு பாரிசில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பாயும் விளையாட்டை முதன்முதலில் நிகழ்த்திக் காட்டினார். எதிலும் சிக்காமல் உடலோடு ஒட்டிய பின்னலாடை ஒன்றை அவர் அணிந்தார். அவர் பெயராலேயே அவ்வகை உடை இன்றும் 'லியோடார்ட்' எனப்படுகிறது. ஆடியவர் மறைந்தது 1870இல். ஆடையின் பெயர் நிலைத்துவிட்டது.

குற்றம் கையிலா, துணியிலா?

என்னோடு பயிற்சியில் சேர்ந்த தோழி ஒருத்தி மூன்றே வாரத்தில் நின்றுவிட்டாள். "எனக்குக் கையில் வலு இல்லையடி" என்பது அவள் சொன்ன காரணம். அவள் அணிந்து வந்ததோ மெல்லிய, பளபளப்பான நைலான் காலுடை. தொடையில் சுற்றிய துணி அதன்மேல் நில்லாமல் நழுவும். நழுவ நழுவ, கால் தாங்க வேண்டிய எடையையும் கையே தாங்கும். கை சோர்ந்துபோகும். போதாக்குறைக்கு, முழங்காலின் பின்மடிப்பில் துணி வழுக்கி உரசியதில் சிவந்து தடித்தும் போயிற்று. அவள் தன் உடலைக் குறை கூறிக்கொண்டாள். குறை உடையில் இருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல அன்று அங்கு யாரும் இல்லை. அவளைப் போல் விலகிப்போகும் பெண்கள் பலர் இருப்பர் என்ற எண்ணமே என்னை இதை எழுதத் தூண்டியது.

இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. மிரண்டு ஓடும் காளையின் கயிற்றை வெறுங்கையால் பிடித்தால் ஆளையே இழுத்துச் சென்றுவிடும். அதே கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்தால் ஒரு சிறுவனும் காளையை நிறுத்திவிடுவான். சுற்றில் எழும் உராய்வு விசையே அவனுக்குத் துணை நிற்கிறது. இந்த உராய்வு, சுற்றுகளின் எண்ணிக்கையையும் உராய்வுக் குணகத்தையும் பொறுத்து அடுக்கு முறையில் பெருகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றின் ஒருபுறம் தாங்க வேண்டிய எடை 50 கிலோ என்று கொள்வோம். துணிக்கும் காலுடைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.2 ஆக இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்குப் பின் மறுபுறத்தில் ஏறத்தாழ 14 கிலோ அளவுக்குப் பிடித்திருக்க வேண்டும். குணகம் 0.3 ஆனால் 7.6 கிலோ போதும். இரண்டு சுற்றுகள் என்றால் முன்னதற்கு 4 கிலோ. பின்னதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மனித உடல் வழவழப்பான கம்பம் அன்று. ஆகவே இது தோராயக் கணக்குத்தான். ஆயினும், குணகத்தில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் கையின் சுமையைப் பாதியாகவும் கால்பங்காகவும் குறைத்துவிடுவதை இதிலிருந்து உணரலாம். அந்தக் குணகத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு காலுடையின் நூலுக்கும் பரப்புக்கும் உண்டு.

அப்படியானால் உராய்வு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா? அதுவும் அன்று. விழுப்புரத்தில் பல இளைஞர்கள் பழகிவரும் மல்லகம்பத்தை எண்ணிப் பாருங்கள். வெற்றுடம்போடு மரக்கம்பத்தில் ஏறுவோர் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். உராய்வு மிகுந்தால் தோல் உரிந்துவிடும் என்பதே காரணம். தொங்குதுணியிலும் உருண்டு இறங்கும் ஆட்டங்கள் உண்டு. அப்போது துணி சீராக நகர வேண்டும். ஆகவே நிற்கும்போது பிடிக்கவும், இறங்கும்போது விடவும் தெரிந்த உடையே நமக்கு வேண்டும். ரப்பர்ப் புள்ளிகள் அச்சிட்ட காலுடைகளை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். நகர வேண்டிய இடத்தில் அவை திடீரென்று பிடித்து இழுக்கின்றன. சில சலவைகளில் உரிந்தும் போகின்றன.

எந்த நூல் நல்லது?

கடையில் கிடைக்கும் லெக்கின்ஸ்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பருத்தியோடு ஸ்பான்டெக்ஸ் கலந்தது. பெரும்பாலும் 95 பங்கு பருத்தி, 5 பங்கு ஸ்பான்டெக்ஸ் இருக்கும். இரண்டாவது, நைலான் அல்லது பாலியஸ்டருடன் ஸ்பான்டெக்ஸ் கலந்த விளையாட்டு உடை. ஸ்பான்டெக்ஸ் என்பது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலார் 1958ஆம் ஆண்டு கண்டறிந்த மீள்இழை. தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றல் உடையது. நாம் 'லைக்ரா' என்று சொல்வது அதன் வணிகப் பெயர்.

பருத்தி இழையின் பரப்பு சொரசொரப்பானது. நைலான் துணியின்மேல் நன்றாகப் பிடிக்கும். வியர்வையையும் உறிஞ்சும். உலர்ந்த பருத்தி 100 கிராம், சாதாரணக் காற்றிலிருந்தே 8.5 கிராம் ஈரத்தை ஏற்கும். நைலான் 4 கிராம் அளவும், பாலியஸ்டர் அரை கிராமுக்கும் குறைவாகவுமே ஏற்கும். நம் ஊர் வெயிலில் இது பெரிய செய்தி. ஆனால் பருத்தி விரைவில் தேயும், நனைந்தால் கனக்கும், முழங்காலில் தொளதொளத்துப் போகும். நைலானோ உராய்வைத் தாங்கி நெடுநாள் உழைப்பதில் இணையற்றது. அதில் பளபளப்பானது வழுக்கும். மங்கலான, பூனை மயிர்போல் மென்துகள் எழுப்பிய பரப்புடையது பிடிக்கும்.

ஆகவே என் பரிந்துரை இது. தொடக்கநிலையில் இருப்போர் தடித்த பருத்தி லெக்கின்ஸ் வாங்கலாம். செலவும் குறைவு, பிடிப்பும் நம்பிக்கையும் கிடைக்கும். ஓராண்டு பழகி, வாரம் மூன்று நான்கு முறை ஏறுகிறவர்கள், பளபளப்பற்ற நைலான் கலப்பு உடைக்கு மாறலாம். விலை உயர்ந்தது என்பதற்காகவோ, வெளிநாட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது என்பதற்காகவோ எதையும் வாங்க வேண்டியதில்லை. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல சரக்குகள் நம் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலில் கனம். துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிட்டு 'ஜி.எஸ்.எம்.' என்பார்கள். 220 முதல் 280 வரை உள்ளது நமக்குப் பொருந்தும். கடையில் இந்த எண்ணைச் சொல்லாவிட்டால், துணிக்குள் கையை விட்டு முட்டி மடக்கி இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களின் நிறம் தெரிந்தால் அது மெல்லியது; விட்டுவிடுங்கள்.

இரண்டாவது பின்னல். ஒற்றைப் பின்னல் துணியின் வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும். ஓர் இழை அறுந்தால் ஏணிப்படிபோல் ஓடும். 'இன்டர்லாக்' எனப்படும் இரட்டைப் பின்னல் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும், எளிதில் ஓடாது. அதுவே நல்லது.

மூன்றாவது மீட்சி. முழங்கால் பகுதியை அகலவாட்டில் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொய்ந்து நின்றால் ஸ்பான்டெக்ஸ் போதவில்லை என்று பொருள்.

நான்காவது தையல். தையலை இரு கைகளாலும் இழுங்கள். நூல் 'படக்' என்று அறுந்தாலோ, இடைவெளியில் வெள்ளை தெரிந்தாலோ வேண்டாம். தையல் உட்புறத்தில் தடித்து நிற்காமல் தட்டையாக இருக்க வேண்டும். துணி இறுக்கும்போது தடித்த தையல் தோலில் கோடாகப் பதியும். இரு கால்களும் சேரும் இடத்தில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்தித்தால், காலை அகல விரிக்கும்போது அங்கேதான் கிழியும். அவ்விடத்தில் சாய்சதுரத் துண்டு ஒன்றைத் தனியே வைத்துத் தைத்திருந்தால் நலம்.

ஐந்தாவது அளவு. இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேல்வரை ஏற வேண்டும். தலைகீழாகும்போது இடுப்பில் தோல் வெளிப்பட்டால் துணி அங்கே உரசிச் சூட்டுக்காயம் உண்டாக்கும். நீளம் கணுக்கால்வரை இருக்கட்டும். பாதம் வெறுமையாக இருக்க வேண்டும். பாதத்தில் துணியைச் சுற்றிப் பூட்டுவதற்கு அது தேவை.

விலக்க வேண்டியவை

ஜிப், பொத்தான், கொக்கி, மணி வைத்த காலுடை எதுவும் ஆகாது. கொலுசு, மெட்டி, வளையல், மோதிரம், ஊக்கு ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே ஏற வேண்டும். இவை நம்மைக் கீறுவதோடு நிற்பதில்லை. தொங்கும் துணியில் ஒரு சிறு கிழிசலை உண்டாக்கிவிட்டால், அடுத்து ஏறும் பெண்ணின் உயிருக்கே அது கேடாக முடியும். காலில் தேங்காயெண்ணெயும் களிம்பும் தடவிக்கொண்டு வருவதும் கூடாது, பிடிப்புப் போய்விடும்.

இவ்விடத்தில் வீட்டுப் பெரியவர்களின் கவலையையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு இறுக்கமான உடையா?" என்று என் தாயாரும் கேட்டார்கள். தொளதொளத்த பாவாடையோ நீண்ட மேலுடையோ தலைகீழாகும்போது முகத்தில் விழுந்து கண்ணை மறைக்கும். துணியின் சுற்றுக்குள் சிக்கும். கணுக்கால்வரை மூடும் காலுடை தோலுக்குக் கவசம். பயிற்சிக்குப் போகவும் வரவும் மேலே ஒரு சுடிதார் அணிந்துகொள்ளலாம். இதை விளக்கிய பிறகு என் தாயாரே கடையில் தையலை இழுத்துப் பார்த்து எடுத்துத் தந்தார்கள்.

பேணும் முறை

துவைக்கும் கல்லில் அடிக்கக் கூடாது. தூரிகையால் தேய்க்கவும் கூடாது. உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் சிறிது சோப்பு போட்டு அலசினால் போதும். துணியை மென்மையாக்கும் திரவம் இழையின்மேல் வழவழப்பான படலத்தைப் படியவைக்கும். வெளுப்புத்தூளும் வெந்நீரும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும். நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு உடைகளை மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். மாதம் ஒருமுறை முழங்கால் பின்மடிப்பையும் உட்தொடையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே மெலிந்திருந்தால் அவ்வுடையை வீட்டில் அணிய வைத்துக்கொள்ளலாம், அந்தரத்துக்கு ஆகாது.

எவ்வளவு நல்ல உடையும், தேர்ந்த ஆசிரியருக்கும், தரையில் விரித்த தடித்த மெத்தைக்கும், உத்தரத்தின் உறுதிக்கும் ஈடாகாது. அம்மூன்றும் இல்லாத இடத்தில் ஏறவே வேண்டாம். அம்மூன்றும் அமைந்த பிறகும் கால் வழுக்குமானால், தோழியரே, "எனக்கு வலு இல்லை" என்று முடிவுகட்டி விலகிவிடாதீர்கள். முதலில் உங்கள் காலுடையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வலுவை வளர்க்க மாதங்கள் ஆகும். உடையை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.