பின் பிளேடு எத்தனை அடி?

டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டி, மண்ணையோ சரளையையோ பனியையோ வழித்து ஒதுக்கப் பயன்படும் வளைந்த இரும்புத் தகடுதான் பின் பிளேடு. இந்தியச் சந்தையில் டெர்ரேசர் பிளேடு என்றும் லெவலிங் பிளேடு என்றும் விற்கப்படுகிறது. இதில் பற்சக்கரம் கிடையாது, பி.டி.ஓ. தண்டின் சுழற்சியும் தேவையில்லை. டிராக்டர் முன்னே போக, தகடு பின்னே சுரண்டிக்கொண்டு வருகிறது. இவ்வளவு எளிய கருவியை வாங்கும்போது எடுக்க வேண்டிய பெரிய முடிவு ஒன்றுதான்: தகட்டின் அகலம் நான்கு அடியா, ஐந்தா, ஆறா? ஐம்பது எச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர் இதில் ஓர் அடி தவறினாலும் சமாளித்துவிடுவார். 15 முதல் 40 எச்.பி. வரையுள்ள சிறு டிராக்டரில் அந்த ஓர் அடி வேலையையே மாற்றிவிடும்.

வழக்கமான பதில் எச்.பி.யை வைத்துச் சொல்லப்படுகிறது. இருபது எச்.பி.க்குக் கீழே நான்கு அடி, இருபத்தைந்து வரை ஐந்து அடி, முப்பத்தைந்து வரை ஆறு அடி, அதற்கு மேல் ஏழு என்பது விற்பனையாளர்களின் வாய்ப்பாடு. அவசரத்துக்கு இது உதவும். ஆனால் தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒரு பிளேடுக்கு நேரே போட்டிருக்கும் உச்ச எச்.பி. வேறு ஒன்றைச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட டிராக்டர் இழுத்தால் சட்டம் வளையலாம் என்ற எச்சரிக்கை அது. உங்கள் டிராக்டருக்கு அந்த அகலம் பொருந்தும் என்று அது உறுதி சொல்வதில்லை.

எச்.பி. ஏன் நல்ல அளவுகோல் ஆகாது என்பதற்கு அமெரிக்காவில் பரவலாக விற்பனையான இரண்டு டிராக்டர்களே சான்று. ஜான் டீர் 1025ஆர், குபோட்டா எல்2501 இரண்டின் எஞ்சினும் 24, 25 எச்.பி. அளவில்தான் இருக்கின்றன. எடையில் மட்டும் பெரிய இடைவெளி. முன்பக்க லோடர் இல்லாமல் முதலாவது சுமார் 655 கிலோ; நான்கு சக்கர இயக்கம் கொண்ட இரண்டாவது 1,100 கிலோவுக்கு மேல். வாய்ப்பாட்டின்படி இரண்டுக்கும் ஒரே பிளேடு. நிலத்தில் இறக்கிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு இனம்.

காரணம் டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு. டிராக்டர் இழுக்கக்கூடிய விசை, அதன் எடையில் ஒரு பங்கு. இறுகிய மண்ணில், நான்கு சக்கரமும் இயங்கும்போது, எடையில் ஏறத்தாழ பாதியை எதிர்பார்க்கலாம். உதிரி மண்ணிலும் சரளையிலும் அது மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கும். ஓட்டுநரையும் சேர்த்து 730 கிலோ உள்ள டிராக்டர் இறுகிய மண்ணில் 365 கிலோ விசையில் இழுக்கும் என்று கொள்வோம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குச் செலவாகும் திறன் ஐந்தரை எச்.பி.க்கும் குறைவு. பரிமாற்ற இழப்பைத் தாராளமாகச் சேர்த்தாலும் 24 எச்.பி. எஞ்சின் மூச்சு வாங்காது. எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்னரே டயர் வழுக்கிவிடும். ஆகவே பிளேடின் மேல் வரம்பை நிர்ணயிப்பது எடை.

அந்த 365 கிலோவைத் தகடு எப்படிச் செலவழிக்கிறது? முதல் செலவு, மண்ணை வெட்டுவது. நடுத்தர மண்ணில் வெட்டப்படும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 0.4 கிலோ எதிர்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்தடி பிளேடு, அதாவது சுமார் 150 சென்டிமீட்டர் தகடு, 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இறங்கும்போது 240 கிலோ விசை வேண்டும். இரண்டாவது செலவு, வெட்டிய மண் தகட்டின் முன் குவிந்து நகர்வது. ஓரடி உயரக் குவியலை இழுத்துச் செல்ல உராய்வுக்காக இன்னும் 75 கிலோ கூடும். மொத்தம் 315, டிராக்டரின் கையிருப்புக்குள் அடங்குகிறது. அதே ஆழத்தில் ஆறடி பிளேடைப் போட்டால் தேவை 375 கிலோவைத் தாண்டும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். அதற்காக ஆறடி பிளேடு பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தை 3 சென்டிமீட்டராகக் குறைத்தால் அதுவும் நகரும். அகலமான தகடு மெல்லிய சீவலாக, அதிக முறை ஓட்டி வேலை செய்யும். ஒட்டுக் களிமண் காய்ந்து இறுகிய நிலத்தில் எதிர்ப்பு இந்தக் கணக்கைப் போல் இருமடங்கு ஆகலாம் என்பதால், அத்தகைய மண்ணுக்கு முதலில் கொத்துக்கலப்பை ஓட்டிவிட்டுப் பிளேடு போடுவதே வழக்கம்.

மேல் வரம்பு எடை என்றால், கீழ் வரம்பு டயர். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள அகலத்தைத் தகடு மூட வேண்டும். மூடாவிட்டால் சமன் செய்த தரையிலேயே சக்கரத் தடம் கிடக்கும். அதைவிட மோசம், அடுத்த ஓட்டத்தில் டயர் ஒதுக்கிய மண்மேட்டின் மீதே ஏறும். நேராக வைத்த பிளேடுக்கு இது எளிய கணக்கு. ஆனால் பின் பிளேடைப் பெரும்பாலும் நேராக வைத்து ஓட்டுவதில்லை. மண்ணை ஒரு பக்கமாக உருட்டித் தள்ள அதைச் சாய்கோணத்தில் திருப்புகிறார்கள்; திருப்பியதும் அது மூடும் அகலம் குறைகிறது. பள்ளிக்கூடத்துக் கொசைன் இங்கே வேலைக்கு வருகிறது. முப்பது பாகையில் அகலம் 0.87 மடங்காகவும், நாற்பத்தைந்தில் 0.71 மடங்காகவும் சுருங்கும். ஐந்தடி தகடு முப்பது பாகையில் 132 சென்டிமீட்டரையும் நாற்பத்தைந்தில் 108 சென்டிமீட்டரையும் மட்டுமே மூடும். ஆறடி தகட்டுக்கு இந்த எண்கள் 158, 129.

இதைத் தலைகீழாகப் போட்டால் வாங்க வேண்டிய அளவு கிடைக்கும். டயரின் வெளி அகலத்தோடு பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் கூட்டி, 0.87ஆல் வகுக்க வேண்டும். 1025ஆர் போன்ற, பின் அகலம் சுமார் 1.2 மீட்டர் உள்ள டிராக்டருக்கு விடை ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி. எல்2501 அளவில், 1.4 மீட்டர் அகலத்துக்கு விடை 1.72 மீட்டர், கடையில் அதற்கு மேல் கிடைக்கும் அளவு ஆறடி. ஒரு மீட்டர் அகல மினி டிராக்டருக்கு இந்தக் கணக்கு 126 சென்டிமீட்டர் கேட்கிறது. நான்கடி தகடு 122 சென்டிமீட்டர்தான். ஓரத்தில் சில சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பதா, ஐந்தடிக்குப் போவதா என்பதை டிராக்டரின் எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாற்பத்தைந்து பாகையை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடக் கூடாது. போட்டால் 655 கிலோ டிராக்டர் ஆறடி பிளேடு கேட்கும், அதை இழுக்கும் எடை அதற்கு இல்லை. அவ்வளவு சாய்வு வேண்டிய வேலைக்குப் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தும் வசதி உள்ள மாதிரியை வாங்குவது மேல். சாலையோர வாய்க்காலைச் சுத்தம் செய்பவர்களுக்கு அந்த வசதி ஆடம்பரம் ஆகாது.

சாய்த்த பிளேடு இன்னொரு விலையும் கேட்கும். மண் ஒரு பக்கம் தள்ளப்படும்போது அதே அளவு விசை டிராக்டரின் பின்பகுதியை மறுபக்கம் தள்ளுகிறது. கனமான டிராக்டர் அசையாது. இலேசான டிராக்டரின் வால் நழுவும். கீழ்க் கைகளின் பக்கச் சங்கிலிகள் தளர்ந்திருந்தால் தகடு ஊஞ்சலாடும். தகட்டின் ஓரம் ஒரு வேரில் சிக்கினால் ஏற்படும் முறுக்கு விசை, நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரத்தோடு பெருகும். அகலமான பிளேடுகளில் நடு அச்சு முதலில் பழுதாவது இதனால்தான்.

வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத வரம்பு ஒன்று உண்டு: தகடு தூக்கி நிற்கும்போது டிராக்டரின் முன்பக்கம் எவ்வளவு இலேசாகிறது என்பது. 1025ஆரின் ஹைட்ராலிக் கைகள், இணைப்பு முனைக்கு 24 அங்குலம் பின்னால் சுமார் 300 கிலோவைத் தூக்கும். 200 கிலோ எடையுள்ள கனரக ஆறடி பிளேடு இதற்குள் வந்துவிடுகிறது என்று திருப்திப்பட்டுவிடலாம். ஆனால் அந்த 200 கிலோ பின் அச்சுக்குச் சுமார் 1.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.45 மீட்டர். தராசுத் தட்டின் கணக்குப்படி முன் அச்சு இழப்பது 190 கிலோவுக்கு மேல். டிராக்டரின் எடையில் நாற்பது சதவீதம், அதாவது 262 கிலோ முன்னால் இருந்தது என்று கொண்டாலும், மிஞ்சுவது 70 கிலோவைத் தொடாது. மொத்த எடையில் அது எட்டு சதவீதம். ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுக்கு முன் அச்சில் குறைந்தது இருபது சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 130 கிலோ எடையுள்ள ஐந்தடி பிளேடு சற்று நெருங்கி, 1.3 மீட்டரில் தொங்கினால் பதினெட்டு சதவீதம் வரை மிஞ்சும். முன்னால் ஓர் எடைக்கட்டியோ லோடரோ இருந்தால் கவலையில்லை. ஹைட்ராலிக் தூக்கிவிடும் என்பதை மட்டும் பார்த்து வாங்கியவர், மேட்டில் ஏறும்போது திருப்பினாலும் திரும்பாத முன் சக்கரங்களைச் சந்திப்பார்.

இப்படிச் சொன்னதும் இலேசான பிளேடே நல்லது என்று தோன்றலாம். அதுவும் சரியல்ல. தகட்டைத் தரைக்குள் அழுத்த சிறு டிராக்டரின் ஹைட்ராலிக்கால் பொதுவாக முடியாது. அது தூக்கும், பிறகு விட்டுவிடும். இறங்குவது தன் எடையால்தான். எனவே தகட்டின் ஒவ்வோர் அடிக்கும் எத்தனை கிலோ விழுகிறது என்பது முக்கியம். 130 கிலோ ஐந்தடிக்குப் பகிர்ந்தால் அடிக்கு 26 கிலோ. அதே எடையில் ஆறடி தகடு செய்தால் 22 கிலோவுக்குக் கீழே. இறுகிய சரளையில் அது வெட்டாமல் துள்ளிக்கொண்டே போகும். விலை குறைவு என்று மெல்லிய தகட்டில் அதிக அகலம் வாங்குவது பின் பிளேடு வியாபாரத்தின் மிகப் பழைய ஏமாற்றம். ஒரே விலையில் அகலமான இலேசு பிளேடும் குறுகிய கனமான பிளேடும் எதிரே இருந்தால், மண் வேலைக்குக் குறுகியதையே எடுக்க வேண்டும். அடியில் போல்ட் போட்ட, தேய்ந்தால் திருப்பி மாட்டக்கூடிய வெட்டு விளிம்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பனி விஷயம் வேறு. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். சரளை ஒன்றரை டன்னைத் தாண்டும். வட அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு மட்டும் பிளேடு வாங்குபவர்கள் ஓர் அடி கூடுதலாக எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஈரமாகி இறுகிய பனிக்கும், சக்கரம் மிதித்த பனிக்கட்டிக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே எடையும் டயர்ச் சங்கிலியும்தான் பேசும்.

சமன் செய்யும் வேலையில் அகலத்தின் இன்னொரு பக்கம் தெரிகிறது. மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும் பிளேடு தரையைத் தானாகத் தொடர்வதில்லை, டிராக்டரைத் தொடர்கிறது. டயர்களின் நடு இடைவெளி 110 சென்டிமீட்டராக இருந்து, ஒரு பின் டயர் 5 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால், ஐந்தடி தகட்டின் இரு முனைகளுக்கு இடையே 7 சென்டிமீட்டர் உயர வேறுபாடு வரும். ஆறடி தகட்டில் 8 சென்டிமீட்டருக்கு மேல். டிராக்டரின் தவறைத் தகடு பெருக்கிக் காட்டுகிறது. பள்ளமும் மேடுமான பாதையை முதல் முறை ஓட்டும்போது அகலம் குறைவான தகடு குறைவாகக் கெடுக்கும். நெல் வயலைத் துல்லியமாகச் சமன் செய்ய இந்தக் கருவி போதாது. அதற்கு லேசர் லெவலர் இருக்கிறது.

கடைசியில் இணைப்பின் அளவு. ஹாரி பெர்குசன் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு, 1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரால் பரவி, பிறகு பல வகைகளாகத் தரப்படுத்தப்பட்டது. முதல் வகையில் கீழ்க் கைகளில் மாட்டும் பின்களின் விட்டம் 22 மில்லிமீட்டர், மேலே உள்ள டாப் லிங்க்கில் 19. இரண்டாம் வகையில் இவை 28, 25. சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் முதல் வகை. மிகச் சிறியவற்றில் இன்னும் மெல்லிய பின்கள் உண்டு. ஏழு, எட்டு அடி பழைய பிளேடுகள் மலிவாக வரும்போது பெரும்பாலும் இரண்டாம் வகைப் பின்னோடுதான் வரும். புஷ் போட்டு முதல் வகைப் பிளேடை இரண்டாம் வகைக் கையில் மாட்டலாம். எதிர்த்திசையில் அது நடக்காது. எனவே கடைக்குப் போகும் முன் அளவு நாடாவைக் கையில் எடுத்து, பின் டயர்களின் வெளி அகலம், கீழ்க் கைகளின் துளை, இரு கைகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிராக்டரின் எடையும் தூக்கும் திறனும் கையேட்டில் இருக்கும். சக்கர வட்டைத் திருப்பி மாட்டித் தட அகலத்தை மாற்றும் வழக்கம் உள்ளவர்கள், மிக அகலமான நிலையில் வைத்து அளக்க வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்புபவர்கள் அந்த எடையையும் கூட்டிக்கொள்ளலாம். இழுவைக்கு அது முழுமையாகச் சேரும், முன் அச்சின் இலேசுக்கு அது மருந்தாகாது.