ஞாயிற்றுக்கிழமைச் சேலை

பேராக்கின் ஆயர் தாவாரில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாலையோரமாக நின்று பார்த்தால், யார் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்பதை உடுப்பை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தலையில் மல்லிகைச் சரமும் நெற்றியில் பொட்டுமாகப் பட்டுச்சேலையில் காரில் ஏறுகிறவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். மெல்லிய சங்கிலியும் பஞ்சாபி உடையுமாகப் போகிறவர் மெதடிஸ்ட்டாகவோ லூத்தரனாகவோ இருக்கலாம். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, வெறும் நெற்றி, கையில் உறை போட்ட வேதாகமம் என்றால் பெந்தெகொஸ்தே. முதுகில் கித்தாரை மாட்டிக்கொண்டு ஜீன்ஸும் டீசட்டையுமாக மோட்டார் சைக்கிளில் பறக்கும் பையன், ஏதோ ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் ஆராதனைக்குப் போகிறான்.

நால்வரும் வணங்குவது ஒரே கடவுளை. நால்வரின் தாத்தா பாட்டிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி லயத்து வீடுகளில், தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தவர்கள். ஆனாலும் கண்ணாடி முன் நிற்கும்போது ஒவ்வொருவரும் தன்னைப் பார்க்கும் பார்வை வேறு. அந்தப் பார்வையில் விசுவாசத்துக்கு என்ன பங்கு? பேராக் தமிழர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுத் தோட்ட வாழ்க்கை இருக்கிறது. அதைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது.

பால் கறை படிந்த சட்டை

ஆயர் தாவாரைச் சுற்றி இன்று பார்க்கும் இடமெல்லாம் செம்பனை. முன்பு கித்தா, அதாவது ரப்பர்க் காடு. 1903-இல் மெதடிஸ்ட் போதகர் லூரிங், சீனாவின் ஃபூச்சோவிலிருந்து கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தை அழைத்துவந்து பக்கத்துச் சித்தியவானில் குடியேற்றினார். அவர்களுக்குச் சபையும் இருந்தது, பயிரிட நிலமும் கிடைத்தது. தமிழர் வந்த விதம் வேறு. கங்காணி ஆள் கட்டிக் கொண்டுவந்த நம் மக்களுக்கு நிலமும் இல்லை, குடியிருந்த வீடும் சொந்தமில்லை. உடம்பு ஒன்றுதான் கையிருப்பு.

அந்த உடம்புக்கு வாய்த்த உடுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பால் எடுக்க மரம் வெட்டும் பெண் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போவாள். கைலிக்கு மேல் ஆண்பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டை. கொசுவுக்கும் முள்ளுக்கும் பயந்து கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பாள். தலையில் துண்டு. சட்டையில் தெறித்த பால் காய்ந்து கறுத்துப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஒட்டுப்பாலின் நாற்றம் குளித்த பிறகும் கையை விடாது. பட்டணத்துப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகம் சுளிப்பதை அவள் பார்ப்பாள். அந்தச் சுளிப்பு சும்மா போகாது. ‘நான் இவ்வளவுதான்’ என்ற எண்ணத்தை மனசுக்குள் விதைத்துவிட்டுப் போகும்.

தோட்ட நிர்வாகியான துரையும் கணக்கரான கிராணியும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவர்கள் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித்தான் நிற்க வேண்டும். 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டப் போராட்டத்தில் கூலி உயர்வோடு சேர்த்து, சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. வயிற்றுக்குக் கேட்ட அதே வாயால் மரியாதையையும் கேட்டார்கள். அதற்குப் பதிலாக அரசு நாதனை நாடுகடத்தியது; போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானார்கள்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. தோட்டக் கிராணிகளாக வந்த யாழ்ப்பாணத்தாரிலும் மலையாளிகளிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஒரே ஆண்டவர் முன் முழங்காலிட்டாலும் கிராணியின் வெள்ளைக் கால்சட்டையும் தொழிலாளியின் கைலியும் ஒரே வரிசையில் உட்காரப் பல காலம் ஆனது. விசுவாசம் தானாகவே சமத்துவம் தந்துவிடும் என்று சொன்னால் அது பொய்.

எழுந்து நின்று பேசிய பெண்

அப்படியென்றால் விசுவாசம் தந்தது என்ன? லயத்து வீட்டு வாசலில் பாய் விரித்து நடந்த ஜெபக்கூட்டங்களில்தான் அதற்கு விடை கிடைக்கிறது.

முதல் நாள் இரவே சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைப்பார்கள். விலையுயர்ந்த சேலையாக இருக்காது. அநேகமாக இருப்பதே அந்த ஒன்றுதான். ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்தில் குட்டிகூரா பவுடர் பூசி, அந்தச் சேலையை உடுத்தும்போது ஆறு நாள் கறையும் ஓரமாகப் போகும். யாரும் கட்டளையிட்டு அவர்கள் இப்படி உடுத்தவில்லை. பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கப் போகிறோம், அவரும் நம்மைப் பார்ப்பார் என்ற எண்ணமே போதுமாக இருந்தது.

சேலையைவிடப் பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. பெரட்டில் வசவோடு கூப்பிடப்பட்டவளைச் சபையில் ‘சிஸ்டர், நீங்க சாட்சி சொல்லுங்க’ என்றார்கள். அவள் எழுந்து நின்றாள். முதல் தடவை குரல் நடுங்கியிருக்கும். கணவன் குடியை விட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது என்று நாலு வாக்கியம் சொல்லி உட்கார்ந்திருப்பாள். நாளாக ஆகக் குரல் திடப்பட்டது. எழுத்துக் கூட்டி வசனம் வாசிக்கப் பழகினாள். பாட்டை எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் கூட்டத்தை நடத்தினாள். பின்னாளில் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிச்சலுக்கு இதுவே பயிற்சி. தன்னம்பிக்கை வகுப்பு என்று பணம் கட்டிப் போகிற காலம் இது. தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வகுப்பு வாராவாரம் பாயில் நடந்தது.

வேதாகமத்தின் முதல் அதிகாரமே மனிதனைக் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்கிறது. படித்தவருக்கு அது ஒரு இறையியல் கருத்து. எந்நேரமும் குனிந்தே நிற்கப் பழகியவருக்கோ, தன் முகத்தைப் பற்றி முதல்முறையாகக் கேட்ட நல்ல செய்தி.

தோளை மூடுவதற்கு ஒரு போராட்டம்

உடுப்புக்கும் விசுவாசத்துக்கும் தன்மானத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் கிறிஸ்தவ வரலாறு இன்னும் கூர்மையாகக் காட்டியிருக்கிறது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது சாதி வகுத்த முறை. லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806-இல் அங்கே வந்தார். பின்னால் மீட், மால்ட் குடும்பங்கள் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி நடத்தின. மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எழுத்தும் கைத்தொழிலும் வந்த பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள், அதன் மேல் தோள்சீலையும் அணிந்தார்கள்.

1814-இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் மட்டும் போடலாம் என்று அரசு உத்தரவு வந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை போடக் கூடாது. 1829-இல் அந்தத் தடையை மறுபடியும் உறுதிசெய்தார்கள். உயர்சாதியார் சந்தையில் பெண்களின் துணியைக் கிழித்தார்கள். ஜெபவீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதிப் பிரகடனம்தான், கிறிஸ்தவர் என்றும் இந்து என்றும் பார்க்காமல் எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மூடும் உரிமை தந்தது. அதிலும் உயர்சாதியார் அணியும் முறை கூடாது என்ற கட்டு இருந்தது.

அந்தப் பெண்கள் கேட்டது அழகுக்காக அல்ல. நம் தாய்மாரின் சேலையும் ரவிக்கையும் அடிவாங்கிப் பெற்ற உரிமை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ‘நீ இப்படித்தான் தெரிய வேண்டும்’ என்று சமூகம் அடக்கியபோது, ‘நான் யார் என்பது எனக்குத் தெரியும்’ என்று அவர்கள் நின்றார்கள். விசுவாசம் அதற்கு முதுகெலும்பாக இருந்தது.

பப்பானில் ஒரு வீராங்கனை

பேராக்கிலேயே இதற்குச் சான்றாக ஒருவர் உண்டு. சிபில் கார்த்திகேசு 1899-இல் சுமத்ராவின் மேடானில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், தாதிப் பயிற்சி பெற்றவர். தைப்பிங்கில் பிறந்த தமிழ் மருத்துவரான கார்த்திகேசுவை 1919-இல் கோலாலம்பூர் செயின்ட் ஜான் ஆலயத்தில் மணந்தார். சேலை உடுத்திய சிபிலின் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிறப்பால் யுரேசியர், பேச்சில் சரளமான கண்டோனீஸ், உடுப்பில் தமிழ்ப் பெண். எதிலும் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவரும் மருந்தகம் நடத்தினார்கள். ஜப்பானியர் வந்தபோது பப்பானுக்குக் குடிபெயர்ந்து, காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாகச் சிகிச்சை அளித்தார் சிபில். ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டார். 1943-இல் பிடிபட்டார். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சித்திரவதையில் அவருடைய முதுகெலும்பு சிதைந்தது. நடக்க முடியாமல் போனது. சின்ன மகள் டோனைக் கண்ணெதிரே நெருப்புக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டியும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர். 1948-இல் பிரிட்டனில் இறந்தார். மறு ஆண்டு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் புன்னகைப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்குச் சிபிலின் கதையைச் சொல்ல வேண்டும். உடம்பின் அழகையும் பலத்தையும் பிடுங்கிய பிறகும் அவரிடம் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. அதை எங்கிருந்து பெற்றார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஜெபத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

பொட்டும் பவுனும்

இனி, நம் வீடுகளில் சண்டை மூட்டும் விஷயத்துக்கு வருவோம். 1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், ஊழியருக்கு வெள்ளை உடையையும் விசுவாசிகளுக்கு நகையில்லா எளிமையையும் வழக்கமாக்கியது. வேறு பல பெந்தெகொஸ்தே சபைகளும் அதே வழியில் நடந்தன. பின்னிய கூந்தலும் பொன்னும் அல்ல, உள்ளத்தின் சாந்தமே அலங்காரம் என்று பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் வரும் போதனைதான் இதற்கு ஆதாரம்.

இதை ஏளனம் செய்கிறவர்களுக்குத் தமிழ்க் கல்யாண வீட்டின் நிலவரம் தெரியாது. உள்ளே நுழையும்போதே எத்தனை பவுன் என்று கண்கள் எடைபோடும். கவரிங் நகையா, அடகு மீட்ட நகையா என்று மூலையில் பேச்சு நடக்கும். தோட்டத்து ஏழைப் பெண்ணுக்கு நகையில்லாத சபை பெரிய ஆறுதல். அங்கே கிராணி மனைவியின் கழுத்தும் வெறுங்கழுத்து, அவள் கழுத்தும் வெறுங்கழுத்து. நகையைக் கழற்றியதால் அவள் குறைந்துபோகவில்லை. ஒப்பிட ஒன்றுமில்லாமல் போனதால் நிமிர்ந்தாள்.

மறுபக்கமும் உண்டு. வெறும் நெற்றியும் வெறுங்கழுத்தும் நம் சமூகத்தின் கண்ணுக்கு விதவைக் கோலம். மகள் ஞானஸ்நானம் எடுத்தாள் என்பதைவிடப் பொட்டை அழித்தாள் என்பதுதான் பல இந்துத் தாய்மாரை அழவைத்தது. ‘என்னடி, நான் உயிரோட இருக்கும்போதே இப்படி வந்து நிக்கிற’ என்ற அம்மாவின் கேள்விக்கு எந்தப் போதகரின் வசனமும் பதிலாகாது. கத்தோலிக்க, லூத்தரன் குடும்பங்கள் வேறு வழி கண்டன. தாலியில் சிலுவையோ புறாவோ பொறித்து, பூவும் பொட்டும் வைத்தே ஆண்டவரை ஆராதிக்கின்றன. அவர்களின் விசுவாசம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இரண்டையும் நான் மதிக்கிறேன். எனக்கு ஒரே உரைகல்தான்: அந்தப் பெண் தானாக முடிவெடுத்தாளா? தானாகக் கழற்றிய வளையல் விடுதலை. பிறர் முறைப்புக்குப் பயந்து கழற்றியது, கைலியோடு சைக்கிளை விட்டு இறங்கியதன் மறுபதிப்பு.

கறுப்பைப் பற்றிப் பேசாத மேடை

பட்டுச்சேலையா, வெள்ளைச் சேலையா என்று வாதாடும் சபைகள் ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டன: நிறம். நம் பிள்ளைகளின் தன்மதிப்பைத் தினமும் அரிப்பது அதுதான். உறவினர் வீட்டில் ‘கறுத்துப் போயிட்டியே’, பள்ளியில் கேலிப் பெயர், பெண் பார்க்க வருகிறவர் முகத்தில் தயக்கம். 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. டப்பாவில் மாறிய எழுத்து நம் வீட்டுப் பேச்சில் இன்னும் மாறவில்லை. இப்போது கைப்பேசிச் செயலியே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கிறது. சபையின் இளைஞர் கூட்டப் படத்தைக்கூட வெளுப்பாக்கித்தான் பகிர்கிறோம். கடவுளின் சாயல் என்று பாடிவிட்டு, அந்தச் சாயலைத் திருத்தி அனுப்புகிறோம்.

சபைகள் செய்யக்கூடியது நிறைய. ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் வெள்ளை முகங்களோடு நம் நிற முகங்களும் வரட்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு உடுப்பு ஒழுங்கைப் போதிக்கும் அதே கண்டிப்போடு, அவள் நிறத்தைக் கேலி செய்யும் பையனையும் கண்டிக்கட்டும். முதல்முறை வரும் ஒருவர் செருப்பும் கைலியுமாக வந்தாலும் முன்வரிசையில் இடம் கிடைக்கட்டும். பெண்களும் பிள்ளைகளும் எழுந்து பேச மேடை கிடைக்கட்டும். தோட்டத்துப் பெண்ணை நிமிர வைத்தது அவள் சேலையைவிட அவளுக்குக் கிடைத்த பேச்சு வாய்ப்புதான்.

ஆயர் தாவாரின் அந்த நால்வரும் அவரவர் உடுப்பில் போகட்டும். மல்லிகையும் சரி, வெறும் நெற்றியும் சரி, ஆண்டவரை மறைக்காது. ஆனால் ஒரு பிள்ளை ஆலயத்துக்கு வந்து, போகும்போது தன்னைத் தாழ்வாக நினைத்துக்கொண்டு போனால் அன்றைய ஆராதனை வீண். நம் பாட்டிமார் குனிந்து வந்து நிமிர்ந்து போனார்கள். நம் பேத்திகளும் அப்படியே நிமிர்ந்து போகவேண்டும். அதற்குச் சபை மூப்பரும் பெற்றோரும் பொறுப்பு.