வாயிற்படிக் கட்டணம்

தன் எல்லைக்குள் யாரை அனுமதிப்பதென்பது ஒவ்வொரு தேசத்தின் உரிமை. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஷெங்கன் ஏற்பாட்டிலுள்ள 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விஸா போதும். 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷ்யூரன்ஸ் வேண்டும். செலவுக்குப் பணமும், திரும்பி வருவதற்கு அத்தாட்சியும் காட்டவேண்டும். இவை நியாயமே.

ஆனால் 80 யூரோவாயிருந்த மனுக் கட்டணம் 2024 ஜூனில் 90 ஆயிற்று. மனு தள்ளப்பட்டாலும் அது திரும்ப வராது. பரிசீலனைக்குரிய கூலியே அது என்று சமாதானம் கூறலாம். ஜெர்மனியில் பிரசவித்த மகளைக் காண விரும்பும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் தம்பதிக்கு 180 யூரோ அற்பத் தொகையா? அமெரிக்கப் பிரஜையோ விஸாவே இல்லாமல் 90 நாள் சுற்றிவரலாம். மறுக்கப்பட்டவருக்குப் பாதியையேனும் திருப்பித் தருவதுதான் முறை. ஐரோப்பியருடன் பேசும்போதெல்லாம் நம் சர்க்கார் இதை வற்புறுத்த வேண்டும்.

நல்லதையும் சொல்லவேண்டும். மூன்றாண்டுகளுக்குள் இரு விஸா பெற்று ஒழுங்காக உபயோகித்த இந்தியருக்கு, பன்முறை சென்றுவர இரண்டாண்டு விஸா அளிக்கலாமென 2024 ஏப்ரலில் விதி வகுத்தனர்.

நம்மவர்க்கு ஒரு வார்த்தை. மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தரவேண்டும், மறுத்த நாட்டில் அப்பீல் செய்யலாம் என்று அவர்கள் சட்டத்தின் 32-ஆம் விதியே சொல்கிறது. மறுப்பைத் தலைவிதியென்று கொள்ளாதீர். தரகரின் பொய்ப் பத்திரத்தையும் நாடாதீர். காரணத்தை வாசித்து, உண்மையைக் கொண்டு வாதாடுங்கள். கேட்பது யாசகமன்று, அவர்கள் சட்டமே தந்த உரிமை.